கூதிர்காலப் பயணம்: இரும்பையிலிருந்து பிரெஞ்சுப் பண்பாட்டை நோக்கி

தமிழர் ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் இலையுதிர்காலம் என்றொரு பெயர் இல்லை. மேனாட்டார் செப்டம்பர் இறுதி முதல் டிசம்பர் மூன்றாம் வாரம் வரை போற்றும் அப்பருவத்திற்கு நம் மண்ணில் நிகராக நிற்பவை, புரட்டாசியின் கடைப்பகுதியும் ஐப்பசி, கார்த்திகை என்னும் கூதிர்காலமுமே ஆகும். பிரான்சு நாட்டு மரங்கள் பொன்னிறம் பூண்டு இலைகளை உதிர்க்கும் நாள்களில், திண்டிவனத்திலும் வானூரிலும் ஏரிகள் நிரம்புகின்றன. இரும்பையின் செம்மண் ஓடைகள் கலங்கிய நீரைச் சுமந்து கடலை நோக்கி விரைகின்றன. அங்கு இலை உதிர்கிறது. இங்கு வானம் பொழிகிறது. நக்கீரர் நெடுநல்வாடையில் சித்திரித்த பருவம் இதுவே.

இப்பருவத்தில் வீட்டினுள் அடங்கியிருப்பதே நம் வழக்கம். ஆயினும் பயணம் செல்லவும், அதிலும் பிரெஞ்சுப் பண்பாட்டின் சுவடுகளைக் கண்டு திரும்பவும் உரிய பருவம் இதுவே என்பது நம் துணிபு. அதற்கான காரணங்களை மாணவர்க்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், சமுதாயப் பெரியோர்க்கும் முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மஞ்சள் சுவரும் ஒரு வினாவும்

சென்ற ஆண்டு நம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு புகைப்படத்தைக் காட்டினார். புதுச்சேரி துய்மா வீதியில், மஞ்சள் வண்ணம் பூசிய உயர்ந்த மதிலின் முன்னே, காகிதப்பூங்கொடியின் நிழலில் அவர் நின்றிருந்தார். "ஐயா, பாரிசு போலவே இல்லையா?" என்று மகிழ்ச்சியோடு கேட்டார். அவர் தலைக்கு மேலே வீதியின் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரிந்தது. "இந்தத் துய்மா என்பவர் யார்?" என்று நாம் வினவினோம். அவருக்குத் தெரியவில்லை. உடனிருந்த நால்வருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் வயதில் அதே வீதியில் நாமும் நடந்திருக்கிறோம். அந்தப் பெயரை நாமும் வாசிக்காமலே கடந்திருக்கிறோம்.

அடுத்த வாரமே அதற்கு மறுபக்கம் ஒன்றையும் கண்டோம். துறையின் கல்விச் சுற்றுலாவுக்குப் புதுவையைப் பரிந்துரைத்தபோது, நம் மதிப்பிற்குரிய பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். "அந்த ஊருக்கா? பிள்ளைகளை மதுக்கடைக்கா அழைத்துப் போகப் போகிறீர்கள்?" என்றார். அவருடைய அச்சத்திலும் நியாயம் உண்டு. விடுமுறை நாள்களில் புதுவைக்கு விரையும் வாகனங்களைக் கண்டவர் எவரும் அவரைக் கடிந்துகொள்ள இயலாது.

மாணவர் கண்ட புதுவை வண்ணச் சுவர். பெரியவர் கண்ட புதுவை மதுக்குப்பி. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது புதுவை ஒன்று உண்டு. அது வாசிக்கப்பட வேண்டிய ஊர். அதனை வாசிக்கக் கற்றுத் தருவது தமிழ்த்துறையின் கடமை என நாம் கருதுகிறோம்.

தொடக்கம் இரும்பையே ஆகட்டும்

பயணத்தைக் கடற்கரையிலிருந்து தொடங்குவதே பலரின் வழக்கம். நாம் இரும்பையிலிருந்து தொடங்குவோம். திண்டிவனம் – புதுச்சேரி நெடுஞ்சாலையில் திருச்சிற்றம்பலம் கூட்டுச்சாலையில் திரும்பினால் அணித்தே அமைந்த சிற்றூர் இது. திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் திருக்கோயில் இங்குள்ளது. இறைவியின் பெயர் குயில்மொழி என்பது தமிழ் படித்தோர் நெஞ்சை ஈர்க்கும்.

இவ்வூரில் வழங்கும் செவிவழிக் கதை ஒன்றுண்டு. கடுவெளிச் சித்தர் என்பார் ஊராரின் ஏளனத்தால் சினந்து சபிக்க, கோயிலின் இலிங்கம் பிளந்தது, நிலம் வறண்டது. மக்கள் மன்றாடியபோது சித்தர் மனமிரங்கி, தொலைதூர நாடுகளிலிருந்து வருவோர் ஒருநாள் இந்நிலத்தைப் பசுமையாக்குவர் என்றாராம். கதையை வரலாறாகக் கொள்ளவேண்டியதில்லை. எனினும் இரும்பையின் எல்லையை ஒட்டியே 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் ஆரோவில் நகரம் தொடங்கப்பெற்றது. அன்று 124 நாடுகளின் மண் ஒரே தாழியில் இடப்பட்டது. மழைநீர் அரித்து வெறுமையாய்க் கிடந்த செம்மண் மேட்டில் வரப்புகள் எழுப்பி, நீரைத் தேக்கி, நம் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களை நட்டு வளர்த்தனர். பல நாட்டினர் காட்டிய வழியில் உள்ளூர் உழைப்பாளர் கைகளும் சேர்ந்து எழுப்பிய காடு அது.

அந்நகரைத் தோற்றுவித்த மீரா அல்ஃபாசா அம்மையார் 1878இல் பாரிசில் பிறந்தவர். அவர் தந்தையார் துருக்கியிலும் தாயார் எகிப்திலும் பிறந்தவர்கள் என்பது நம் மாணவர் பலர் அறியாத செய்தி. நகரின் வடிவத்தை வரைந்த ரோழே ஆன்ழேயும் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரே. இன்றும் அங்கு வாழும் வெளிநாட்டினருள் பிரெஞ்சு மொழி பேசுவோர் மிகுதி. ஆகவே சம்பந்தர் பாடிய ஊரின் வேலிக்கு அப்பால் பிரெஞ்சு மொழி ஒலிக்கிறது. ஒரு பண்பாட்டை அறியப் பறந்து செல்லவேண்டும் என்பதில்லை. சில வேளைகளில் அண்டை வீட்டை எட்டிப்பார்த்தாலே போதும்.

மேற்கே ஒரு நாள்: செஞ்சி

இரண்டாம் நாள் திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்குச் செல்லலாம். 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியப் படைத்தளங்களின் தொகுதியில் ஒன்றாக இக்கோட்டையை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஆயினும் இக்கோட்டையின் வரலாறு மராத்தியரோடு முடிவதில்லை. 1750ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஓர் இரவு, புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி இதன்மீது திடீர்த் தாக்குதல் நடத்திக் கைப்பற்றினார். எவராலும் எளிதில் வெல்ல முடியாதது எனப் பெயர்பெற்ற மலைக்கோட்டை ஒரே இரவில் வீழ்ந்தது. 1761 வரை அங்கே பிரெஞ்சுக் கொடி பறந்தது. புதுவையில் நாம் கடந்து செல்லும் புஸ்ஸி வீதி இத்தளபதியின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அக்கோட்டையினுள் சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் உண்டு. 1717–18ஆம் ஆண்டளவில் எழுந்த அதன் பாரசீகக் கல்வெட்டை நம் மாணவர் நின்று பார்க்கவேண்டும். இப்பள்ளிவாசலை எழுப்பிய நவாபின் படையை எதிர்த்து மாண்டவனே தேசிங்குராசன். அவனோடு உயிர் துறந்த உயிர்த்தோழன் ஓர் இஸ்லாமியன் என்று நாட்டார் கதைப்பாடல் போற்றுகிறது. வென்றவர் பக்கத்திலும் இஸ்லாமியர். வீழ்ந்தவன் தோளருகிலும் ஓர் இஸ்லாமியன். வரலாற்றை மத எல்லைகளால் மட்டுமே பிரித்துப் படிப்போர்க்குச் செஞ்சி நல்லதொரு மறுமொழியாகும்.

செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுசென்ற கருங்கல் தூண்கள் இன்று புதுவைக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கின்றன. மேற்கே கோட்டையைக் கண்டவர்க்கே கிழக்கே தூண்கள் பேசும். செஞ்சியை முதலில் காணவேண்டும் என நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

கிழக்கே ஒரு நாள்: இரு தளமும் இரு மரபும்

புதுவையில் பிரெஞ்சுக்காரர் கால்கொண்டது 1674ஆம் ஆண்டு, பிரான்சுவா மர்த்தேன் காலத்தில். 1693இல் ஒல்லாந்தர் ஊரைக் கைப்பற்றிச் சில ஆண்டுகள் ஆண்டனர். நேர்க்கோடு பிடித்தாற்போன்ற வீதி அமைப்பின் வரைவு அவர்கள் காலத்ததே. 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். ஆகவே இன்று நாம் காணும் பிரெஞ்சு நகரம் பெரிதும் அவ்வழிவுக்குப் பின் எழுந்தது. அழிந்தும் எழுந்தும் வந்த ஊர் புதுவை.

அவ்வழிவிலும் தப்பிய கட்டடங்களுள் ஒன்று ஆனந்தரங்கம் பிள்ளையின் மாளிகை. அதன் கீழ்த்தளத்தில் தமிழ்முறை மரத்தூண்கள். மேல்தளத்தில் ஐரோப்பிய முறைத் தூண்வரிசை. ஒரே வீட்டில் இரு மரபுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து, ஒன்றையொன்று அழிக்காமல் நிற்கின்றன. பண்பாட்டுக் கலப்பு என்னும் பொருளில் பல பக்கங்கள் எழுதுவதைக் காட்டிலும், அவ்வீட்டு முற்றத்தில் சிறிது நேரம் நிற்பது மிகுதியாகக் கற்பிக்கும்.

1709இல் பிறந்த பிள்ளை, 1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் தம் நாட்குறிப்பை எழுதத் தொடங்கினார். 1761இல் தாம் மறையும் காலம் வரை அப்பணியைத் தொடர்ந்தார். கப்பல் வந்ததும், சரக்கு விலையும், ஆளுநரின் சினமும், நவாபுகளின் தூதும், ஊரில் உலவிய வதந்தியும் எல்லாம் அதில் உண்டு. அரபுச் சொல்லும் பாரசீகச் சொல்லும் தமிழோடு கலந்து வரும் அந்நடை, நம் உரைநடை வரலாற்றுக்கு ஒரு கருவூலம். அந்நாட்குறிப்பை அடியாகக் கொண்டு பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய புதினங்களைப் படைத்தார். பின்னது 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இவ்விரு நூல்களுள் ஒன்றையேனும் படிக்காமல் எம் மாணவர் எவரும் புதுவைப் பேருந்தில் ஏறக்கூடாது என்பது நம் விருப்பம்.

துய்மா யார்?

இப்போது அந்த மஞ்சள் சுவருக்கு வருவோம். துய்மா என்பவர் துய்ப்ளேவுக்கு முன்னர்ப் புதுவையை ஆண்ட பிரெஞ்சு ஆளுநர். 1740ஆம் ஆண்டில் மராத்தியர் ஆர்க்காட்டு நாட்டின்மீது படையெடுத்தனர். நவாபு தோஸ்து அலி போரில் மாண்டார். அவர் குடும்பத்தாரும் சந்தா சாகிபின் மனைவி மக்களும் புதுவையை நாடி ஓடிவந்தனர். அவர்களுக்குத் துய்மா கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார். அவர்களை ஒப்படைக்குமாறு மராத்தியத் தலைவர் இரகூசி போன்சுலே மிரட்டியபோதும் அவர் இணங்கவில்லை. கணவரையும் தந்தையரையும் இழந்து வந்த இஸ்லாமியப் பெண்டிர்க்கும் குழந்தைகளுக்கும் அந்நகரம் காவலாயிற்று. அதற்குப் பின்னர்த் தில்லிப் பேரரசு துய்மாவுக்கு நவாபு என்னும் பட்டம் அளித்தது.

அதில் அரசியல் கணக்கும் இருந்தது. அதனை மறுப்பார் இலர். ஆயினும் அடைக்கலம் என்று வந்தவரைக் காட்டிக்கொடாமை எந்நாட்டார்க்கும் உரிய பேரறம். நாயகம் (ஸல்) அவர்களின் தோழர்கள் அபிசீனியாவின் கிறித்தவ மன்னரிடம் அடைக்கலம் பெற்ற வரலாற்றை அறிந்த நம் சமுதாயத்தார் இதன் அருமையை உணர்வர். ஆனால் அதே மதிலின் முன்னே நம் பிள்ளைகள் பெயர் அறியாமல் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

புதுவையின் அடைக்கல மரபு அத்துடன் முடியவில்லை. 1908இல் பாரதியார் ஆங்கிலேயர் பிடியிலிருந்து தப்பி அங்கு வந்தார். விடுதலை, சமத்துவம், உடன்பிறப்பு என்னும் பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கத்தை அவருடைய 'இந்தியா' இதழ் ஏற்றுப் பரப்பியது. 1910இல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் வந்து சேர்ந்தனர். பாஞ்சாலி சபதமும், கண்ணன் பாட்டும், குயில் பாட்டும் அப்புகலிடத்தில் பிறந்தன. 1918ஆம் ஆண்டு நவம்பரில் பாரதியார் புதுவை எல்லையைக் கடந்ததும் கடலூர் அருகே கைதானார். ஒரு கூதிர்காலத்தில் அவர் எல்லைக்கோட்டைத் தாண்டியபோதுதான், அதுவரை அக்கோடு அவருக்கு எத்தகைய அரணாக இருந்தது என்பது விளங்கியது.

மறைக்கக்கூடாத பக்கங்கள்

மரபைப் போற்றுதல் என்பது அதன் குற்றங்களை மூடிவைப்பதாகாது. 1748ஆம் ஆண்டு செப்டம்பரில், துய்ப்ளே ஆளுநராக இருந்த காலத்தில், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கம் பிள்ளை அதனை ஆற்றொணாத் துயரோடு பதிந்துள்ளார். பிறர் வழிபாட்டிடம் இடிபடும்போது நாம் வருந்தாவிடில், நம் பள்ளிவாசலுக்காகப் பிறர் வருந்தவேண்டும் என எதிர்பார்க்கும் தகுதி நமக்கு இல்லை.

அடிமை முறையைப் பிரான்சு 1848இல் ஒழித்தது. ஆயின் அதனால் கரும்புத் தோட்டங்களில் ஏற்பட்ட ஆள் குறையை நிரப்பத் தமிழரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினர். 'ஒரேலி' என்னும் கப்பல் 1853இல் மார்த்தினிக் தீவுக்கும், 1854 டிசம்பரில் குவாதலூப் தீவுக்கும் இங்கிருந்து தமிழரைக் கொண்டு சேர்த்தது. சமத்துவம் பேசிய கொடியின் கீழேதான் அவர்களும் பயணம் செய்தனர். அவர்தம் வழியினர் பலர் இன்று தமிழ் மொழியை இழந்துவிட்டனர். பெயர்களையும் வழிபாட்டு முறைகளையும் மட்டும் விடாமல் காத்து வருகின்றனர். கடற்கரையில் நின்று அலையை இரசிக்கும் நம் மாணவர், அக்கடல் கொண்டுசென்ற மக்களையும் ஒரு கணம் நினைக்கவேண்டும்.

நம் வீதிகள்

வெள்ளையர் பகுதிக்கும் தமிழர் பகுதிக்கும் இடையே ஓடுவது பெரிய வாய்க்கால். சுற்றுலாவினர் பெரும்பாலோர் அதன் மேற்குக் கரைக்கு வருவதில்லை. வந்தால் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் கொண்ட தமிழ் வீடுகளைக் காணலாம். மரபுக் காவலர்களின் முயற்சியால் வைசியாள் வீதியின் முகப்பு மீட்கப்பட்டிருப்பது நன்முயற்சிக்குச் சான்று. பிற வீதிகளில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. மதிலுக்கு மஞ்சள் வண்ணம் பூசப் பணம் உண்டு. திண்ணையைக் காக்க மனம் இல்லை.

தெற்கே நடந்தால் முல்லா வீதி, காஜியார் வீதி, குத்பா பள்ளிவாசல் என நம்மவர் வாழ்ந்த பகுதி வரும். அகன்ற திண்ணைகளும் வேலைப்பாடமைந்த கதவுகளும் கொண்ட வீடுகள் சில இன்னும் அங்குள்ளன. அங்கிருந்தும், காரைக்காலிலிருந்தும், நாகூர்ப் பகுதியிலிருந்தும் சென்றவர்கள் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோன் நகரில் வணிகம் செய்தனர். தென்னிந்திய இஸ்லாமியர் 1935இல் அந்நகரின் நடுவே எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் தொழுகைக்குத் திறந்திருக்கிறது. பிரெஞ்சுப் பண்பாடு நமக்கு அயலானது என்போர்க்கு இவ்வீதிகளே விடை கூறும். அதன் கப்பலிலும் கடையிலும் படையிலும் நம் முன்னோரும் இருந்தனர்.

மொழியிலும் அதன் தடம் உண்டு. நாம் துணி அடுக்கும் பீரோவும், காவலர் சுற்றிவரும் ரோந்தும் பிரெஞ்சு மொழி தந்த சொற்கள். புதுவைக் காவலரின் சிவப்புத் தொப்பியும், பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெறுவோரைக் குறிக்கும் 'சொல்தா' என்னும் சொல்லும், மாலை வேளையில் முதியவர் ஆடும் இரும்புக்குண்டு விளையாட்டும் அம்மரபின் எச்சங்களே.

விழாக்களின் வரிசை

இப்பயணத்திற்குக் கூதிர்காலத்தையே நாம் பரிந்துரைப்பதற்கு விழா நாள்களும் காரணம். சூலை 14ஆம் நாள் நடைபெறும் பிரெஞ்சுத் தேசிய விழா கண்ணைக் கவர்வது. அன்று கூட்டமும் மிகுதி. சிந்திக்க வைக்கும் நாள்களோ அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே உள்ளன.

அக்டோபர் 18: 1954ஆம் ஆண்டு இந்நாளில் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். அவர்களுள் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவாக வாக்களித்தனர். கீழூர் நினைவிடம் நம் மாவட்டத்து ஊர்களை ஒட்டியே உள்ளது.

நவம்பர் 1: 1954ஆம் ஆண்டு இந்நாளில் ஆட்சி கைமாறியது. புதுவை இதனை விடுதலை நாளாகக் கொண்டாடுகிறது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் நிறைவுற்றது. வாக்கெடுப்பும் ஒப்பந்தமுமாகப் பேரரசு ஒன்று விலகிச்சென்ற முறையை மாணவர் கருத்தூன்றிப் படிக்கவேண்டும்.

நவம்பர் 2: கிறித்தவர்களின் கல்லறைத் திருநாள். மாலையில் கல்லறைகள்தோறும் மெழுகுவர்த்திகள் ஒளிரும். மண்ணறைகளைக் காண்பது மறுமையை நினைவூட்டும் எனக் கற்ற நமக்கு, அவர்தம் நினைவுகூரல் அயலாகத் தோன்றாது.

நவம்பர் 11: 1918ஆம் ஆண்டு முதல் உலகப்போர் ஓய்ந்த நாள். கடற்கரைச் சாலையில் உள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்தில் மலர்வளையம் வைக்கப்படுகிறது. பிரெஞ்சிந்தியாவிலிருந்து சென்று மாண்டோர்க்காக எழுப்பப்பட்ட சின்னம் அது. அதன் எதிர்ப்புறத்தில் காந்தியடிகள் சிலை. போரில் மாண்டவர்களும் போரையே மறுத்தவரும் ஒரே சாலையில் எதிரெதிரே நிற்கிறார்கள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கூதிர் என்பது மழைக்காலம். 2014 நவம்பரில் பெய்த கனமழையில், பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த மேரி கட்டடம் என்னும் பழைய நகரமன்றம் இடிந்து வீழ்ந்தது. மீண்டும் கட்டப்பெற்று 2021இல் திறக்கப்பட்டது. 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுவையில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது; திண்டிவனம், மயிலம் வட்டாரங்களும் வெள்ளத்தில் தத்தளித்தன. ஆகவே வானிலை அறிவிப்பைப் பார்த்தே புறப்படவேண்டும். அக்டோபர் இடைப்பகுதி முதல் நவம்பர் இரண்டாம் வாரம் வரையிலான நாள்களே ஏற்றவை. வெள்ளம் வந்தால் பயணம் நிற்கட்டும், உதவிக்கரம் நீளட்டும்.

பாரிசு செல்வோர்க்கு

வாய்ப்பும் வசதியும் உடையோர் பிரான்சு நாட்டுக்கே செல்வதை நாம் தடுப்பதற்கில்லை. அங்கே செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் மரபு நாள்கள் கொண்டாடப்படுகின்றன. 1984இல் தொடங்கிய இவ்விழாவின்போது, ஏனைய நாள்களில் பொதுமக்கள் நுழைய முடியாத அரசு மாளிகைகளும் திறந்துவிடப்படுகின்றன. மரபு மக்களுக்கே உரியது என்னும் கொள்கையின் செயல்வடிவம் அது. நம் நாட்டிலும் பின்பற்றத் தக்கது.

பாரிசின் பெரிய பள்ளிவாசலையும் காணவேண்டும். முதல் உலகப்போரில் பிரான்சுக்காக உயிரீந்த இஸ்லாமிய வீரர்களின் நினைவைப் போற்றும் வகையில் எழுப்பப்பட்டு 1926இல் திறக்கப்பட்டது அது. புதுவை நினைவுச்சின்னத்தைக் கண்டு சென்றவர்க்கு அதன் பொருள் நன்கு விளங்கும். லா ஷப்பேல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகளின் பெயர்ப்பலகைகளில் தமிழ் எழுத்துகளைக் காணும்போது, அடைக்கலம் என்னும் சொல் மீண்டும் நினைவுக்கு வரும். போரால் நிலைகுலைந்து சென்ற தமிழர்க்கு அந்நாட்டிலும் வாழ்விடம் கிடைத்தது.

நம் வேண்டுகோள்

நம் வேண்டுகோள் எளியது. ஆண்டுதோறும் ஐப்பசித் திங்களில் மூன்று நாள் கல்விப் பயணத்தைத் துறைகள் மேற்கொள்ளட்டும். முதல் நாள் இரும்பையும் ஆரோவில் காடும். இரண்டாம் நாள் செஞ்சி. மூன்றாம் நாள் வாய்க்காலின் இரு கரைகளிலும் புதுவை. மூன்றாம் நாள் வெள்ளியாக அமைந்தால் சும்ஆத் தொழுகையைக் குத்பா பள்ளிவாசலில் நிறைவேற்றலாம். பாரதியார், பாரதிதாசன் ஆகியோரின் நினைவில்லங்களையும், 1827இல் தோன்றிய ரோமன் ரோலன் நூலகத்தையும், 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தையும் அன்றே காணலாம். அந்நிறுவனம் பேணிவரும் சைவ ஓலைச்சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. நாம் கறையானுக்கு விட்டுக்கொடுத்த ஏடுகளைப் பிரெஞ்சு அறிஞரும் நம் பண்டிதரும் ஒருங்கிருந்து காத்தனர் என்பதை எண்ணி, நாணவும் வேண்டும். நன்றி கூறவும் வேண்டும்.

பயணம் முடிந்ததும் ஒவ்வொரு மாணவரும் ஒரு வீதிப் பெயரையோ, ஒரு கல்வெட்டையோ, ஒரு வீட்டையோ பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டும். ஆனந்தரங்கம் பிள்ளை இருபத்தைந்து ஆண்டுகள் எழுதினார். நம் பிள்ளைகள் இரண்டு பக்கம் எழுதலாகாதா?

பெரியவர்களுக்கு ஒரு சொல். திருமறை பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் நிலையைச் சிந்திக்குமாறு பல இடங்களில் அறிவுறுத்துகிறது. மொராக்கோவில் பிறந்த இப்னு பதூதா பதினான்காம் நூற்றாண்டிலேயே நம் தமிழகக் கரைக்கு வந்து, தாம் கண்டதை எழுதிச் சென்றார். தீயது உள்ள ஊர் என்று ஒதுக்கிவிட்டால், நம் பிள்ளைகள் நமக்குத் தெரியாமல் அவ்வூருக்குச் செல்வர். தீயதை மட்டுமே கண்டு திரும்புவர். நாமே கைப்பிடித்து அழைத்துச் சென்றால், நல்லதையும் தீயதையும் பகுத்தறியக் கற்பர். புறப்படும் நாளில் பெரியவர்களும் உடன்வரவேண்டும் என்பது நம் அழைப்பு.

முகம் சுளித்த அப்பெரியவரிடம் துய்மாவின் வரலாற்றைப் பின்னொரு நாள் எடுத்துரைத்தோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அந்த வீதியை எனக்கும் காட்டுங்கள்" என்றார். வரும் ஐப்பசியில், இன்ஷா அல்லாஹ், பேருந்தின் முன்னிருக்கை அவருக்கே உரியது. அந்த மஞ்சள் சுவரின் முன்னே மாணவர்கள் மீண்டும் படம் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் இம்முறை, எடுப்பதற்கு முன் பெயர்ப்பலகையை வாசித்துவிட்டு எடுக்கட்டும்.